கடலியல் அறிஞர் கேசவ பணிக்கர்

பொழிமுகம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேலைக் கரையில் தேங்காய்ப்பட்டணம் என்னும் பழம்பெரும் ஊர் உள்ளது. பெயருக்கேற்பத் தென்னஞ்சோலைகள் சூழ்ந்த ஊர் அது. மலைநாட்டில் தோன்றிக் குழித்துறை வழியாக ஓடிவரும் தாமிரபரணி ஆறு அங்கே அரபிக் கடலோடு கலக்கிறது. இது பொருநை எனப் புகழ்பெற்ற திருநெல்வேலித் தாமிரபரணி அன்று. மேற்கு நோக்கிப் பாயும் வேறோர் ஆறு. ஆறும் கடலும் கூடும் இடத்தை அப்பகுதி மக்கள் பொழிமுகம் என்பர். மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் பெருகும்போது பொழிமுகத்து நீரில் உவர்ப்புக் குறைந்துவிடும். கோடையில் ஆறு மெலியும், கடல்நீர் உட்புகும், உவர்ப்பு ஏறும். ஒரே நாளில்கூட, அலைநீர் ஏறும்போது ஒரு சுவையும் இறங்கும்போது மற்றொரு சுவையும் அந்நீருக்கு உண்டு.

இத்தகைய இடத்தில் வாழும் உயிர்களின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆற்று மீனைக் கடல்நீரில் விட்டால் அது பிழைப்பதில்லை. ஆழ்கடலில் வாழும் உயிரைக் கிணற்றுநீரில் விட்டாலும் அது மாண்டுபோகிறது. ஆனால் பொழிமுகத்தில் துள்ளித் திரியும் இறாலோ உப்புநீரிலும் வாழ்கிறது. உப்புக் குறைந்த நீரிலும் வாழ்கிறது. இவ்வாற்றல் அதற்கு எங்ஙனம் வந்தது? வலை வீசி இறால் பிடிப்போர் தலைமுறை தலைமுறையாக இவ்வியப்பைக் கண்டிருக்கின்றனர். அதன் காரணத்தை ஆராய்ந்து உலகிற்கு உரைத்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத் தக்கவர் ஒருவர் நம் தென்னாட்டிலேயே தோன்றினார். அவரே டாக்டர் என். கேசவ பணிக்கர் ஆவார். அவருடைய வாழ்க்கை, கற்பதற்காகக் கடல் கடந்து சென்ற மாணவன் ஒருவன் தன் நாட்டிற்கு என்ன கொணர முடியும் என்பதை நமக்கு உணர்த்துகிறது.

இளமையும் கல்வியும்

கேசவ பணிக்கர் 1913ஆம் ஆண்டு அந்நாளைய திருவிதாங்கூர் நாட்டில் பிறந்தார். காயல்களும் கால்வாய்களும் நிறைந்த நாடு அது. அங்கே ஊர் விட்டு ஊர் செல்வதும், நெல்லும் தேங்காயும் ஏற்றிச் செல்வதும், உணவுக்கு மீன் பெறுவதும் நீர்வழியிலேயே நடந்தன. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே; 1956ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்றுதான் அது தமிழகத்தோடு இணைந்தது. ஆதலின், பணிக்கர் பிறந்த நாடும் தேங்காய்ப்பட்டணத்து மீனவர் வாழ்ந்த நாடும் அன்று ஒன்றாகவே இருந்தன.

அந்நாளில் திருவிதாங்கூருக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் இல்லை. அது தோன்றியது 1937ஆம் ஆண்டில். ஆகவே உயர்கல்வி விரும்பிய இளைஞர் பலர் சென்னைப் பல்கலைக்கழகத்தையே நாடினர். பணிக்கரும் அவ்வாறே சென்னையில் விலங்கியல் கற்றுத் தேர்ந்தார். அப்போது சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்திற்குப் பேராசிரியர் ஆர். கோபால ஐயர் தலைவராக இருந்தார். கடற்கரையை அடுத்திருந்தும் கடலுயிர்களைப் பற்றி அயல்நாட்டார் எழுதிய நூல்களைக் கொண்டே படிக்கும் நிலை மாறவேண்டும் என்று கருதித் தம் மாணாக்கரைக் கரையோர உயிர்களை ஆராயும் பணியில் ஈடுபடுத்தியவர் அவர். நல்லாசிரியரை அடைந்த நன்மாணாக்கராகப் பணிக்கர் விளங்கினார்.

கூவமும் அடையாறும்

சென்னை நகரில் கூவம், அடையாறு என்னும் இரண்டு ஆறுகள் கடலோடு கலக்கின்றன. நகர மக்கள் அவற்றைக் கண்டு முகஞ்சுளிப்பர். ஆனால் ஆராய்ச்சியாளர் கண்ணுக்கு அவற்றின் முகத்துவாரங்கள் ஒரு பெருநூலகம்போல் காட்சியளித்தன. கோபால ஐயரும் பணிக்கரும் அவ்வுவர்நீரில் வாழும் உயிர்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி வகைப்படுத்தினர். மழைக்காலத்தில் எவை மறைகின்றன, கோடையில் எவை மீள்கின்றன, எக்காலத்தில் அவை இனம் பெருக்குகின்றன என்பவற்றைக் குறித்து வைத்தனர். சென்னையின் உவர்நீர் உயிர்களைப் பற்றிய அவ்விருவரின் கட்டுரை 1937ஆம் ஆண்டு வெளிவந்தது. இத்துறையில் ஆய்வோர் இன்றும் எடுத்துப் பார்க்கும் கட்டுரை அது.

அவ்வாய்வின்போது கடற்சாமந்தி என்னும் உயிரினத்தில் அறிவியல் உலகம் அதுவரை அறியாத வகை ஒன்றைப் பணிக்கர் கண்டறிந்தார். புதிய உயிரைக் கண்டறிந்தவரே அதற்குப் பெயர் சூட்டும் உரிமையுடையவர். பணிக்கர் அதற்குத் தம் ஆசிரியர் கோபால ஐயரின் பெயரை அமைத்துச் சூட்டினார். ஆசிரியருக்கு மாணவன் அளிக்கும் காணிக்கை பொன்னாகவோ பொருளாகவோ இருக்கவேண்டுவதில்லை. அறிவுலகம் உள்ளளவும் நிற்கும் பெயரே அவர் அளித்த காணிக்கை.

அதே 1937ஆம் ஆண்டில் அவர் மலபார்க் கரையின் இறால் தொழிலைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். நெல் அறுவடையான பின் காயலையடுத்த வயல்களில் உவர்நீரைப் பாயவிடுவதும், மதகின் அருகே இரவில் விளக்கேற்றி அதன் ஒளியால் இறால் குஞ்சுகளை உள்ளே ஈர்ப்பதும், அவை வளர்ந்தபின் வலையிட்டுப் பிடிப்பதும் அக்கரையில் நெடுநாளைய வழக்கம். பிடித்த இறாலை அவித்து உலர்த்திப் பர்மா முதலிய நாடுகளுக்கு அனுப்பினர். கல்லாத உழவரும் மீனவரும் கைக்கொண்ட இம்முறைகளில் ஆழ்ந்த அறிவு பொதிந்திருப்பதை இளைஞரான பணிக்கர் கண்டார். அவர்கள் செய்வதை அவர்கள் அறிந்தே செய்தனர். ஆனால் அது ஏன் பயன் தருகிறது என்பதை எவரும் ஆராய்ந்திலர். அவ்வினாவே அவர் வாழ்வின் திசையைக் காட்டிற்று.

உபகாரச் சம்பளம்

அவ்வினாவிற்கு விடை காணச் சென்னையில் அன்றிருந்த கருவிகள் போதவில்லை. உயிரின் ஒரு துளி இரத்தத்தில் எவ்வளவு உப்பு உள்ளது என நுட்பமாக அளக்கும் வசதி மேனாட்டு ஆய்வுக்கூடங்களில் இருந்தது. அங்குச் செல்லவோ பெரும்பொருள் வேண்டும். இவ்விடத்தில்தான் அவருக்கு ஓர் உபகாரச் சம்பளம் கைகொடுத்தது.

அதன் வரலாறு சுவை மிக்கது. 1851ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், கண்ணாடியாலும் இரும்பாலும் எழுப்பப்பட்ட பெரு மாளிகையொன்றில், உலக நாடுகளின் தொழிற்பொருள்களையெல்லாம் காட்டும் பெருங்கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அறுபது இலட்சம் பேர் அதனைக் கண்டு சென்றனர். செலவு போக ஏறத்தாழ 1,86,000 பவுன் மிஞ்சியது. கண்காட்சி முடிந்ததும் அப்பணத்தைப் பங்கிட்டுக் கொள்ளாமல், அறிவியலும் கலையும் வளர்வதற்கு ஒரு நிதியாக அதனை அமைத்தனர். 1891ஆம் ஆண்டு முதல் அந்நிதியிலிருந்து ஆராய்ச்சி மாணவருக்கு உதவி வழங்கப்பட்டது. கடல்கடந்த நாடுகளின் பல்கலைக்கழகங்களில் பயின்றவர் வேறு நாட்டிற்குச் சென்று ஆராய்ச்சி செய்யப் போக்குவரவும் உணவும் உறையுளும் அதனால் கிடைத்தன. நியூசிலாந்து நாட்டில் பிறந்து, அணுவின் உள்ளமைப்பை உலகிற்கு உணர்த்திய ரதர்போர்டு இங்கிலாந்தை அடைந்தது இவ்வுதவியாலேயே. அதே உபகாரச் சம்பளம் பெற்றுத்தான் கேசவ பணிக்கரும் 1938ஆம் ஆண்டளவில் இங்கிலாந்து சென்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

கண்காட்சி கண்டு மகிழ்ந்தவர் கொடுத்த சிறு நுழைவுக் கட்டணங்கள், பல பத்தாண்டுகள் கழித்துக் காயல் நாட்டு இளைஞர் ஒருவரின் கல்விக்குத் துணையாயின. ஒரு நாளில் உண்டு தீர்க்கக்கூடிய பொருளை விதையாக வைத்தால் அது எத்துணைத் தலைமுறைக்குப் பயன்படுகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பிளிமத் ஆய்வுக்கூடம்

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும், இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையிலுள்ள பிளிமத் நகரின் கடலுயிர் ஆய்வுக்கூடத்திலும் பணிக்கர் ஆராய்ந்தார். 1888ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பிளிமத் ஆய்வுக்கூடம் உலகப் புகழ் வாய்ந்தது. கடல்நீர் குழாய்களின் வழியே ஓடிவரும் தொட்டிகளும், நாள்தோறும் உயிருள்ள மாதிரிகளைக் கொணரும் படகுகளும் அங்கே உண்டு.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வின் கருத்தை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால் அவற்றிலுள்ள நீர் வெளியே கசிகிறது. உலர்ந்த திராட்சையை நன்னீரில் இட்டு வைத்தால் அது நீரை உறிஞ்சிப் பருக்கிறது. மெல்லிய தோலின் ஒருபுறம் உப்பு மிகுந்தும் மறுபுறம் குறைந்தும் இருந்தால், உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு நீர் செல்லும். இதனைச் சவ்வூடு பரவல் என்பர். நீரில் வாழும் உயிர்களுக்கெல்லாம் இவ்விதியால் இடையறாத இடர் உண்டு. சூழ்ந்துள்ள நீர் இரத்தத்தைவிட உவர்ப்பானால் உடல்நீர் வெளியேறி உயிர் வாடும். உவர்ப்புக் குறைந்ததானால் நீர் உட்புகுந்து உடல் வீங்கும்.

கடல்நீரில் ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உள்ளது. கடலில் வாழும் முதுகெலும்பற்ற உயிர்களின் இரத்தமும் பெரும்பாலும் அதே அளவு செறிவுடையதாகவே இருக்கும் என்பது அறிஞர் கொண்டிருந்த கருத்து. உள்ளும் புறமும் ஒன்றாயிருப்பின் இடர் இல்லையன்றோ? பணிக்கர் இங்கிலாந்துக் கரையில் வாழும் இறால் வகைகளை எடுத்து, கடல்நீரிலும் நீர்த்த கடல்நீரிலும் வைத்து, அவற்றின் இரத்தத்தை அளந்தார். கடல்நீரில் இருந்த இறாலின் இரத்தம் அக்கடல்நீரைவிட உவர்ப்புக் குறைந்ததாக இருந்தது. நீர்த்த நீரில் இருந்த இறாலின் இரத்தமோ அந்நீரைவிட உவர்ப்பு மிகுந்ததாக இருந்தது. அஃதாவது, வெளிநீர் எவ்வாறு மாறினும் இறால் தன் இரத்தத்தை ஏறத்தாழ ஒரு நிலையிலேயே காத்துக்கொள்கிறது. வெயிலிலும் குளிரிலும் நம் உடலின் வெம்மை ஒரே அளவாக இருப்பதைப் போன்றது இது.

இவ்வுண்மையிலிருந்து அவர் மற்றொரு முடிவையும் எட்டினார். கடலிலேயே தோன்றிக் கடலிலேயே வாழ்ந்த உயிருக்கு இத்தகைய ஆற்றல் தேவையில்லை. ஆதலின், இவ்விறால்களின் முன்னோர் உவர்ப்புக் குறைந்த நீரில் வாழ்ந்து, பின்னர்க் கடலுக்கு மீண்டிருக்க வேண்டும் என அவர் கருதினார். மூதாதையர் வாழ்ந்த ஊரின் நினைவை இறால் தன் இரத்தத்தில் சுமந்துகொண்டிருக்கிறது என்று நாம் இதனைச் சொல்லலாம்.

வெப்பத்தைப் பற்றிய அவர் ஆய்வு நம் நாட்டிற்கு இன்னும் நெருங்கியது. குளிர் மிகுந்தால் இறாலின் காக்கும் ஆற்றல் குறைகிறது. உவர்ப்புக் குறைந்த நீரை அதனால் தாங்க இயலவில்லை. வெதுவெதுப்பான நீரிலோ அது எளிதில் தாங்குகிறது. வெப்ப நாடுகளின் ஆற்றுமுகங்களிலும் காயல்களிலும் கடலுயிர்கள் மிகுதியாகக் குடியேறியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும் என்று 1940ஆம் ஆண்டு அவர் எடுத்துக்காட்டினார். குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருந்த அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதில் வியப்பில்லை. சென்னை முகத்துவாரங்களில் உயிர்கள் நிறைந்திருப்பதை அவர் நேரில் கண்டவர். குளிர்நாட்டு முகத்துவாரங்களையும் கண்டவர். இரண்டையும் கண்டதனாலன்றோ இரண்டிற்கும் உள்ள வேறுபாடு அவருக்குப் புலனாயிற்று? கற்பதற்காகச் செய்யும் பயணத்தின் பெரும்பயன் இதுவே. அயல்நாடு நமக்குப் புதியவற்றைக் காட்டுவதோடு நிற்பதில்லை. நாம் நாள்தோறும் கண்டும் காணாதிருந்த நம் நாட்டையே நமக்குக் காட்டிவிடுகிறது.

போர்க்காலம்

பணிக்கர் இங்கிலாந்து சென்ற சிறிது காலத்திற்குள், 1939ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், இரண்டாம் உலகப் போர் மூண்டது. கடல்வழிகள் அச்சத்திற்குரியவையாயின. இலண்டன் மாநகர் இரவுதோறும் குண்டுகளுக்கு இரையாயிற்று. பிளிமத் பெரியதொரு கடற்படைத் துறைமுகம்; ஆதலின் பகைவரின் வானூர்திகள் அதனையும் குறிவைத்தன. 1941ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நகரின் நடுப்பகுதி பெரிதும் அழிந்தது. கடலுயிர் ஆய்வுக்கூடமும் சேதமுற்றது.

தாயகம் நெடுந்தொலைவில், சுற்றிலும் போர், நாளை என்னாகும் என்பது எவருக்கும் தெரியாத காலம். அத்தகைய ஆண்டுகளிலும் ஆய்வு நின்றுவிடவில்லை. இறால்களின் உப்புச் சமநிலையைப் பற்றிய பணிக்கரின் விரிவான கட்டுரை அதே 1941ஆம் ஆண்டில் பிளிமத் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. ஒரு தொட்டி நீரில் உப்பின் அளவைக் குறித்துக்கொண்டிருப்பது போர்க்காலத்தில் சிறு செயலாகத் தோன்றலாம். ஆயினும் அழிவு நடக்கும் இடத்திலேயே ஆக்கத்தைச் செய்துகொண்டிருப்பதற்கு மிக்க மனவுறுதி வேண்டும்.

தாயகப் பணி

போர் முடியுமுன்னரே பணிக்கர் தாயகம் திரும்பினார். இங்கிலாந்திலேயே தங்கிப் புகழோடு வாழ்வதற்கேற்ற தகுதி அவருக்கு இருந்தது. எனினும் அவர் முதலில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்திலும், பின்னர்த் தாம் மாணவராயிருந்த சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்திலும் பொறுப்பேற்றார். ஆசிரியர் கோபால ஐயர் அமர்ந்திருந்த இடத்தில் மாணவர் அமர்ந்தார்.

அந்நாளில் நாடு உணவின்றி வாடியது. 1943ஆம் ஆண்டு வங்கத்தில் நேர்ந்த பெரும் பஞ்சத்தில் எண்ணற்ற மக்கள் மாண்டனர். நிலம் தரும் உணவோடு கடல் தரும் உணவையும் பெருக்கவேண்டும் என்னும் எண்ணம் அரசினர்க்கு உண்டாயிற்று. எவ்வளவு மீன் கிடைக்கிறது, எக்காலத்தில் எங்கே கிடைக்கிறது என்ற கணக்கே அன்று முறையாக இல்லை. கணக்கறியாதவன் களஞ்சியத்தை எவ்வாறு காப்பான்? ஆகவே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்திலேயே தொடங்கப்பெற்றது. 1949ஆம் ஆண்டில் அது இராமநாதபுரம் பகுதியிலுள்ள மண்டபத்திற்கு மாறியது.

மண்டபம் முகாம் என்பது அதற்கு முன் துயரம் நிறைந்த இடமாக இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்ற ஏழை மக்களைக் கப்பலேற்றுமுன் நோய்த்தடை விதித்து நிறுத்தி வைத்த முகாம் அது. அவ்விடத்தில் ஆய்வுக்கூடமும் நூலகமும் எழுந்தன. ஒருபுறம் பாக்கு நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா என இரு கடல்கள் அருகருகே அமைந்தது ஆய்வுக்கு ஏற்றதாயிற்று. அந்நிலையத்திற்குப் பணிக்கர் 1957ஆம் ஆண்டு வரை தலைமை தாங்கினார். சாளை, அயிலை, இறால் ஆகியவற்றின் வாழ்க்கை வரலாறுகள் ஆராயப்பெற்றன. நம் நாட்டுக் கரையோரம் நெடுகிலும் பிடிக்கப்படும் மீனைக் கணக்கிடும் பணியும் வளர்ந்தது. உவர்நிலத்தில் பண்ணை அமைத்துப் பால்மீன் வளர்க்கும் முயற்சியும் நடைபெற்றது. இந்திய மீன்வள ஆராய்ச்சி இதழ் ஒன்று 1954ஆம் ஆண்டில் தோன்றிற்று. நம் ஆய்வாளர் தம் முடிவுகளை வெளியிட அயல்நாட்டு இதழ்களின் வாயிலில் காத்திருக்கவேண்டிய நிலை இதனால் குறைந்தது.

இறாலின் இரு வீடுகள்

பணிக்கரின் உள்ளம் இறாலை மறக்கவில்லை. வெள்ளை இறால் முதலிய பெரிய வகைகள் முட்டையிடுவது கடலில். முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணிய குஞ்சுகள் பல உருமாற்றங்கள் அடைந்து, அலைநீரோடு பொழிமுகங்களின் வழியே காயல்களுக்குள் நுழைகின்றன. அங்கே இரையுண்டு வளர்ந்து, சில திங்களில் மீண்டும் கடலை அடைகின்றன. காயல் அவற்றுக்கு வளர்ப்புத் தாயின் வீடு. கடலோ பெற்ற தாயின் வீடு. இரு வீட்டுக்கும் இடையே வாயிலாக அமைந்ததே பொழிமுகம்.

இதனை அறிந்தபின் ஓர் உண்மை தெளிவாயிற்று. காயலில் இளங்குஞ்சுகளை வரைமுறையின்றி வாரியெடுத்தால் பின்னாளில் கடலில் வலை வீசுவோர்க்கு இறால் குறையும். பொழிமுகம் தூர்ந்தால் குஞ்சுகள் உள்ளே வாரா. காயல் நீர் கெட்டால் உள்ளே வந்தவையும் வளரா. ஆகவே, கடல்மேல் செல்லும் மீனவரின் வாழ்வு, தொலைவில் உள்ள ஆற்றங்கரையோடும் வயல்வெளியோடும் பிணைந்திருக்கிறது. எம். கிருஷ்ண மேனன் என்னும் உடனாய்வாளரோடு சேர்ந்து இந்தியாவின் இறால் வளம் முழுவதையும் பற்றிப் பணிக்கர் 1956ஆம் ஆண்டில் ஒரு தொகுப்புரை எழுதினார். உவர்நீர்ப் பண்ணைகளில் மீனும் இறாலும் வளர்ப்பதை விரிவாக்கலாம் என்பதையும் அவர் முன்னரே எடுத்துக்கூறியிருந்தார்.

அக்காலத்தில்தான் இறாலின் மதிப்பு உயர்ந்தது. 1953ஆம் ஆண்டில் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்க நாட்டிற்கு அனுப்பப்பட்டது. உலர்த்தி எளிய விலைக்கு விற்கப்பட்ட பொருள், அயல்நாட்டுச் செல்வத்தை ஈட்டும் பொருளாயிற்று. விலை ஏறினால் வேட்டையும் மிகும். எந்திரப் படகுகள் பெருகின. இழுவலைகள் கடலடியை அரித்தன. கட்டுமரத்தில் செல்வோர்க்கும் விசைப்படகில் செல்வோர்க்கும் பூசல்கள் எழுந்தன. இன்று ஆண்டுதோறும் சில வாரங்கள் விசைப்படகுகளின் மீன்பிடிப்பைத் தடைசெய்யும் முறை நடைமுறையில் உள்ளது. மீன் இனம் பெருகக் காலம் அளிக்கவேண்டும் என்னும் இம்முறைக்கு அடிப்படை, இனம் எப்போது பெருகுகிறது என்னும் ஆராய்ச்சியே. அறிவு பின்தங்கி ஆசை முந்திச் சென்றால் கடலும் வறண்டுபோகும்.

பெருங்கடலை ஆராய்தல்

1957ஆம் ஆண்டில் பணிக்கர் இந்திய அரசின் மீன்வள வளர்ச்சி ஆலோசகரானார். அடுத்த சில ஆண்டுகளில் அவர்முன் இன்னும் பெரியதொரு பணி வந்தது. அட்லாண்டிக்கு, பசிபிக்கு ஆகிய பெருங்கடல்களைப் பற்றி உலகம் ஓரளவு அறிந்திருந்தது. இந்தியப் பெருங்கடலோ பெரும்பாலும் அறியப்படாமலே கிடந்தது. அதனை ஆராய்வதற்குப் பல நாடுகள் ஒன்றுகூடி அனைத்துலக இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தை மேற்கொண்டன. 1965ஆம் ஆண்டு வரை நடந்த அப்பெரும்பணியில் ஏறத்தாழ 40 கப்பல்கள் ஈடுபட்டன. இந்தியாவின் பங்கிற்குப் பணிக்கரே இயக்குநராக இருந்தார். நம் கடற்படையின் கிஸ்த்னா என்னும் கப்பல் போர்க்கருவிகளோடு ஆராய்ச்சிக் கருவிகளையும் ஏந்திச் சென்றது.

எல்லா நாட்டுக் கப்பல்களும் ஒரே அளவான வலையைப் பயன்படுத்திக் கடலின் நுண்ணுயிர்களைச் சேகரித்தன. அவையனைத்தையும் வகைப்படுத்துவதற்குக் கொச்சியில் ஒரு நடுநிலையம் அமைந்தது. நம் நாட்டு இளம் ஆராய்ச்சியாளர் பலர் அயல்நாட்டுக் கப்பல்களில் ஏறிச் சென்று, அங்குள்ள அறிஞரோடு இரவும் பகலும் உழைத்துப் பயிற்சி பெற்றனர். தாம் இளைஞராயிருந்தபோது தமக்குக் கிடைத்த பயணக் கல்வி, தமக்குப் பின்வரும் இளைஞர்க்கும் கிட்டக் கண்டார் பணிக்கர். பெற்ற உதவியை உதவியவர்க்கே திருப்பிக் கொடுப்பது ஒரு நெறி. பின்வருவோர்க்குக் கொடுப்பது அதனினும் உயர்ந்த நெறி.

ஆய்வுப் பயணம் முடிந்ததும் சேர்ந்த அறிவு சிதறிப் போகாமல் காப்பதற்கு நிலையான அமைப்பு ஒன்று வேண்டியிருந்தது. அதன் விளைவாக 1966ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் பணிக்கர். அந்நிறுவனம் பின்னர்க் கோவாவில் நிலைபெற்று இன்றும் சிறந்து விளங்குகிறது. அறிவியலுக்கும் நாட்டிற்கும் நெடுங்காலம் தொண்டாற்றிய பணிக்கர் 1977ஆம் ஆண்டு மறைந்தார்.

நமக்குரிய பாடம்

பணிக்கர் மறைந்த அதே 1977ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் தமிழகத்தின் மீன்வளக் கல்லூரி தோன்றியது. ஒரு விளக்கு அணையும்போது மற்றொரு விளக்கு ஏற்றப்பட்டது போன்றது அந்நிகழ்ச்சி. 2012ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகமும் எழுந்தது. கடல்சார்ந்த கல்வியைப் பெறுவதற்குப் பணிக்கர் தம் இளமையில் கடந்த தொலைவை இன்றைய மாணவர் கடக்கவேண்டுவதில்லை. ஆயினும், கண்டறிய வேண்டியவை குறைந்துவிடவில்லை.

தேங்காய்ப்பட்டணத்துப் பொழிமுகத்திற்கே மீண்டும் செல்வோம். இன்று அங்கே மீன்பிடித் துறைமுகம் அமைந்துள்ளது. அதன் முகப்பில் மணல் சேர்ந்து, அலையடித்துப் படகுகள் கவிழ்ந்து உயிரிழப்புகள் நேர்ந்ததும் உண்டு. 2017ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் அக்கரையோர ஊர்களிலிருந்து ஆழ்கடல் சென்ற மீனவர் பலர் திரும்பி வரவேயில்லை. மணல் ஏன் அங்கே சேர்கிறது, புயல் எப்போது திசை மாறும், மீன்கூட்டம் எங்கே இடம் பெயர்கிறது என்னும் வினாக்களுக்கு விடை காண்பது அக்கரை மக்களுக்கு வாழ்வா சாவா என்பதைப் பொறுத்த செய்தியாகும்.

அவ்விடைகளைக் காண்பதற்கு அம்மக்களின் பிள்ளைகளைவிட ஏற்றவர் யாவர்? அலையின் குறிப்பும் காற்றின் குணமும் அவர்கள் இல்லத்திலேயே கற்றவை. அப்பட்டறிவோடு நூலறிவும் சேருமாயின், காயல் நாட்டு இளைஞர் ஒருவர் பிளிமத் நகரில் கண்டதைப் போன்ற உண்மைகளை அவர்களும் காண்பர். அவர்களுக்குத் தேவையானவை இரண்டு. ஒன்று, தொலைநாட்டுக்கும் சென்று கற்றுவரத் துணைசெய்யும் பொருளுதவி. அதனை அளிப்பது பெரியோர் கடமை. மற்றொன்று, கற்றதைக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும் உள்ளம். அதனைப் பெறுவது மாணவர் கடமை.

இறால் குஞ்சு பொழிமுகம் புகுந்து, காயலில் வளர்ந்து, மீண்டும் தான் பிறந்த கடலுக்கே சென்று இனத்தைப் பெருக்குகிறது. கேசவ பணிக்கரும் பிறந்த கரையை விட்டுப் போய், வளர்ந்து, மீண்டு வந்து, பலரை உருவாக்கினார். நீர் மாறினும் தன்னிலை மாறாத இறாலின் இயல்பை ஆராய்ந்தவர், நாடு மாறியும் தம் நாட்டுப் பற்று மாறாதவராகவே வாழ்ந்தார். கற்கச் செல்லும் மாணவர் எவ்வளவு தொலைவு சென்றாலும், புறப்பட்ட கரையை மறவாதிருத்தல் வேண்டும் என்பதே அவருடைய வாழ்க்கை நமக்கு அளிக்கும் பாடமாகும்.